மிடில் சி-யைக் கண்டுபிடித்த மருமகனுக்கு

மருமவனே, பியானோ வாங்கிட்டியாமே! அக்கா போன்ல சொன்னா. சொன்ன குரல்ல பாதி பெருமை, பாதி பயம். பையனுக்கு ஏதாவது ஆயிருச்சோன்னு என்னைக் கேக்குறா. பயப்படாதக்கா, நாப்பத்தஞ்சு தாண்டுனா ஆம்பளைங்களுக்கு இப்படி ஏதாவது ஒண்ணு வரத்தான் செய்யும்னு சொல்லி வெச்சேன். ஒருத்தன் வெலை ஒசந்த சைக்கிளை வாங்கி, ஒடம்பைப் புடிக்கிற சட்டையைப் போட்டுக்கிட்டு ஜெராய் மலை அடிவாரத்துல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறான். இன்னொருத்தன் தூண்டிலைத் தூக்கிக்கிட்டு மெர்போக் ஆத்துக்குப் போயிட்டு, வர்ற வழியில மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு வர்றான். மூணாவது ஆளு கட்சியில கிளைத் தலைவர் ஆயிடுறான். இதையெல்லாம் பாத்தா பியானோ எவ்வளவோ தேவல. ஆள் வீட்டுலயே கெடப்பான். ஹெட்போன் மாட்டிக்கிட்டா பக்கத்து வீட்டுக்காரனும் பொழச்சுக்குவான்.

மின்சாரப் பியானோவாப் பாத்து வாங்குனியே, அதுல உன் அறிவு தெரியுது. 88 கட்டை, 52 வெள்ளை, 36 கறுப்பு, அழுத்துனா கனம் தெரியணும். அது போதும். நெசப் பியானோவுக்கு ஆசைப்பட்டிருந்தா இந்நேரம் கடன்காரன் ஆயிருப்ப. உள்ள இருநூறு கம்பிக்கு மேல, எல்லாம் சேந்து பல டன் இழுவையில நிக்குது. கம்பியைத் தட்டுற சுத்தியல் ஒவ்வொண்ணுக்கும் கம்பளிப் பொதி. நம்ம ஊரு ஈரக் காத்துல கம்பளி ஊதும், மரம் உப்பும், அழுத்துன கட்டை எழுந்து வராம சத்தியாகிரகம் பண்ணும். அதுக்குன்னு உள்ள சூடு ஏத்துற குழாய் ஒண்ணு மாட்டணும், வருசத்துக்கு ரெண்டு தடவை டியூன் பண்ற ஆளைக் கூப்பிடணும். பல்லி முட்டை போட்டா யாரைக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியல.

இதெல்லாம் மாமாவுக்கு எப்படித் தெரியும்னுதானே யோசிக்கிற? சனிக்கிழமை சனிக்கிழமை பேத்தியை மோட்டார்ல ஏத்திக்கிட்டு சுங்கைப் பட்டாணிக்குப் போறேன். கடைவீட்டு மாடியில பியானோ கிளாஸ். அவ உள்ள போனதும் வாசல் பெஞ்சுல நான். கதவு மெல்லிசு. உள்ள யாரு அடி வாங்குறா, பியானோவா மாணவனான்னு எனக்கு அங்கேருந்தே தெரிஞ்சிரும். அந்தப் பெஞ்சுல ஒக்காந்து நான் பாத்த பெரிய மாணவருங்க நெறைய. கூலிம் ஹைடெக் பேட்டையில நைட் ஷிப்டு முடிச்சுட்டு சிவந்த கண்ணோட வர்ற பையன், பென்சன் வாங்கிட்டு வர்ற டீச்சரம்மா, பொண்டாட்டிக்குத் தெரியாம வர்ற ஒருத்தர். கடைசி ஆளு எதுக்கு ஒளியுறாருன்னு எனக்குப் புரியல. இதுல எந்தச் சொகமும் இருக்கிற மாதிரித் தெரியலையே.

சரி, உன் விசயத்துக்கு வருவோம். நீ வாட்சாப்ல போட்ட படத்தைப் பாத்தேன். மிடில் சி-மேல வெரலை வெச்சுக்கிட்டு, கொடி நட்டவன் மாதிரி சிரிக்கிற. இடப்பக்கத்துலருந்து எண்ணுனா நாலாவது சி. நீ வர்றதுக்கு முன்னாடியே அது அங்கதான் இருந்துச்சு. அடுத்த நாள் இன்னொரு செய்தி போட்ட: “மாமா, இந்தப் புத்தகம் சரியில்ல, சின்னப் பிள்ளைங்க பாட்டா இருக்கு.” அங்கதான் எனக்கு ஒன்னோட பேச வேண்டியது வந்துச்சு.

புத்தகத்தைக் கேவலமா நெனைக்காத. பையர்னு ஒரு ஜெர்மன்காரர், 1850 வாக்குல ஆரம்பப் பாடப் புத்தகம் ஒண்ணு எழுதுனாரு. 1880-ல அது ஜப்பானுக்குப் போச்சு. அதை வெச்சுத்தான் அங்க தலைமுறை தலைமுறையா வெரலை ஒடைச்சாங்க. ஹானோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், 1873-ல அறுவது பயிற்சி போட்டாரு. அதுல பாட்டே கெடையாது, மனுசன் எதுக்கு வாசிக்கிறோம்னு மறந்துபோற வரைக்கும் வாசிக்கலாம். அமெரிக்காவுல ஜான் தாம்சன், 1936-ல சின்ன வெரலுங்களுக்குன்னே ஒரு புத்தகம் கொண்டுவந்தாரு. நம்ம நாட்டுல முக்காவாசிப் பிள்ளைங்க கண்ணீர் விட்ட சிவப்புப் புத்தகமெல்லாம் அவரு குடும்பம்தான். உன் கையில இருக்கிறது ஆல்ஃபிரட் கம்பெனிக்காரன் பெரியவங்களுக்குன்னு 1983-ல போட்டது. பெரியவங்களுக்குப் பொறுமை கெடையாதுன்னு அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் சீக்கிரமே இடது கைக்கு மூணு சுரக்கூட்டு, அதான் கார்டு, குடுத்து, ‘நானும் வாசிக்கிறேன்’னு ஒன்னை நம்ப வெக்கிறான். அந்தப் புத்தகத்துல ‘மணி கான்ட் பை எவ்ரிதிங்’னு ஒரு பாட்டு இருக்குதாம். மூவாயிரம் வெள்ளியை எறக்கிட்டு ஒக்காந்திருக்கிற ஆளுக்கு இந்தப் பாட்டைப் போட்டவன் நம்ம ஊரு ஆளாத்தான் இருக்கணும்.

அந்தப் புத்தகத்து ஜிங்கிள் பெல்ஸ் பிடிக்கலைங்கிற. சித்திரை வெயில்ல, மின்விசிறி ஓட, நீ பனிமழைப் பாட்டு வாசிச்சா எனக்கே வேர்க்குது, ஒத்துக்குறேன். இளையராஜா பாட்டுக்குப் போகணும்ங்கிற, அதுவும் இந்த மாசமே. அதைத்தான் பண்ணக்கூடாதுன்னு சொல்ல வர்றேன். ஏன்னு கேளு.

நீ ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டுனதில்ல. உன் அப்பன் வெட்டுனான், நான் வெட்டுனேன். புதுசாக் கத்தி புடிச்சவனுக்குப் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நிக்கிற மேஸ்திரி, அதான் மண்டோரு, எந்த மரத்தைக் குடுப்பான் தெரியுமா? நல்ல எளம் மரத்தைக் குடுக்க மாட்டான். இன்னும் கொஞ்ச நாள்ல வெட்டிச் சாய்க்கப் போற கெழட்டு மரத்தைக் காட்டி, ‘இதுல போயி ஒன் கைவரிசையைக் காட்டு’ம்பான். ஏன்னா பட்டை வெட்டு அப்படிப்பட்ட வேலை. இடது மேலருந்து வலது கீழ, சாய்வா ஒரே கோடு. ஒவ்வொரு வெட்டுக்கும் சீவி வர்ற பட்டை ஒண்ணரை மில்லிமீட்டர் கனம் இருந்தாப் போதும். ஆழத்துல இன்னும் கவனம். கொஞ்சம் மேலயே நின்னா பால் வராது, கொஞ்சம் உள்ள போயிட்டா மரத்தோட உசிரைத் தொட்டுரும். அதுக்குத்தான் காயம்னு பேரு. காயம் பட்ட எடத்துல மறுபட்டை வழவழன்னு வராது, முடிச்சு முடிச்சா, கட்டி கட்டியா வரும். வருசக் கணக்குல காத்திருந்து அந்தப் பக்கம் திரும்பி வெட்ட வந்தாலும், கத்தி அந்த முடிச்சுல மோதிக்கிட்டேதான் நிக்கும். அன்னைக்கு அவசரப்பட்டவன் வேலையை விட்டுப் போயிருப்பான், மரம் மறந்திருக்காது.

இப்ப உன் இளையராஜா பாட்டு இருக்கே, அது எளம் பட்டை. இருவது வருசமா காதுல வெச்சுக் காப்பாத்துன மரம். அதைப் போயி, இன்னும் நாலாவது வெரலும் அஞ்சாவது வெரலும் சண்டை போட்டுக்கிட்டிருக்கிற கையால தொடுற. மொத வாரத்துல தப்பான வெரலைத் தப்பான கட்டையில வெச்சுப் பழகுவ. காது தப்பைக் கவனிக்காது, ஏன்னா காதுக்குள்ள ஏற்கெனவே சரியான பாட்டு ஓடிக்கிட்டிருக்கு. ஒரு மாசத்துல அந்தத் தப்பு ஆறிப்போயி முடிச்சாயிரும். அப்பறம் நீ எவ்வளவு நல்லா வாசிக்கக் கத்துக்கிட்டாலும், அந்தப் பாட்டுல அந்த எடம் வந்தா கை தானா இடறும். ஜிங்கிள் பெல்ஸ் எதுக்குன்னு இப்பப் புரியுதா? அது வெட்டிச் சாய்க்கப் போற மரம்டா. அதுல எத்தனை காயம் வேணும்னாலும் பண்ணு, கேக்க ஆளில்ல. ஒனக்குப் பிடிக்காத பாட்டாப் பாத்துப் போட்டிருக்கிறதுதான் அந்தப் புத்தகத்தோட புண்ணியம். பிடிச்ச பாட்டாப் போட்டிருந்தா அத்தனையையும் கெடுத்துட்டு நின்னுருப்ப.

இன்னொண்ணும் அந்த மரம் சொல்லிக் குடுத்துச்சு. பாதிச் சுத்துக்கு வெட்டு, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பேராசை புடிச்சு ஓயாம வெட்டுனா பால் கூடாது, பட்டை காஞ்சு போயி ஒரு சொட்டும் வராம நின்னுரும். நீ வாரம் பூரா தொடாம, ஞாயித்துக்கெழமை காலையில பசியாறிட்டு ஒக்காந்தா மத்தியானச் சோறு வரைக்கும் எந்திரிக்கிறதில்லையாம். உன் பொண்டாட்டி சொல்றா. அப்பறம் திங்கக்கெழமை மணிக்கட்டுல தைலம். தெனமும் இருவது நிமிசம் ஒக்காரு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடின்னா இன்னும் நல்லது. ஷிப்டு முடிச்சு வந்து அரைத் தூக்கத்துல வாசிக்கிறதை வாசிப்புக் கணக்குல சேக்காத.

சரி, ஒனக்கு ‘ஆர்மோனியம் தெரியும்’கிற திமிரு வேற. தெரியும்ப்பா. நம்ம தோட்டத்துக் கோயில்ல மார்கழி பஜனையில நானும் நீயும் மாத்தி மாத்தித்தானே வாசிச்சோம். அந்தப் பெட்டியும் பிரெஞ்சுக்காரன் பொருள்தான். பாரீஸ்ல டெபெய்ன்கிறவர் 1842-ல காப்புரிமை வாங்குனாரு, கல்கத்தாக்காரங்க அதைத் தரையில ஒக்காந்து வாசிக்கிற பெட்டியா மாத்துனாங்க. கட்டைக்குக் கட்டை சுரம் நின்னுபோகும், கமகம் வராதுன்னு அகில இந்திய வானொலிக்காரன் 1940-லருந்து 1971 வரைக்கும் அதை உள்ளயே விடல. நம்ம மாரியம்மா அந்த மாதிரி சட்டமெல்லாம் போடல, நீ எந்தக் கட்டையை அழுத்துனாலும் பொங்கலை வாங்கிக்கிட்டா.

ஆனா ஆர்மோனியக்காரனுக்குப் பியானோவுல ஒரு பெரிய கண்டம் இருக்கு. ஒன்னோட இடது கை அத்தனை வருசமும் என்ன பண்ணுச்சுன்னு நெனைச்சுப் பாரு. துருத்தி அடிச்சுச்சு. அதுக்கு ஒரு சுரம் தெரியாது. வலது கை படிச்ச மாப்பிள்ளை, இடது கை மாட்டுக்காரன். இப்ப திடீர்னு ரெண்டையும் ஒரே மேடையில ஏத்துனா, மாட்டுக்காரன் மாப்பிள்ளையைப் பாத்து அதே மாதிரி பண்ணத்தான் பாப்பான். வலது கை மேல போனா இவனும் மேல போவான். ஆர்மோனியத்துல எப்படி அழுத்துனாலும் சத்தத்துல வித்தியாசம் கெடையாது, காத்துதான் கணக்கு. பியானோவுல மெல்லத் தொட்டா மெல்லப் பேசும், ஓங்கிக் குத்துனா கத்தும். 1700 வாக்குல கிறிஸ்டோஃபோரின்னு ஒரு இத்தாலிக்காரர் அதுக்குத்தான் மண்டையைப் போட்டு ஒடைச்சாரு. நீ குத்துற குத்தைப் பாத்தா அவரு எதுக்கு அவ்வளவு கஷ்டப்பட்டாருன்னு தோணுது. அதனால ஒரு வாரம் இடது கையை மட்டும் தனியா வாசி. வலது கையை மடியில வெச்சுக்க, எடை கொறைஞ்ச மாதிரி இருக்கும். கேக்க நல்லா இருக்காது, தெரிஞ்சுதான் சொல்றேன்.

பாட்டு வாத்தியார்கிட்டப் போனா மட்டும் வேற மாதிரின்னு நெனைக்கிறியா? சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், அப்பறம் கீதம். புரந்தரதாசர் வகுத்ததாச் சொல்ற வரிசை, அஞ்சு நூத்தாண்டு ஆகப்போவுது, இன்னும் அதேதான். மாயாமாளவகௌளையிலயே வருசம் ஓடும். அதையே உன் பியானோவுல சி-யில ஆரம்பிச்சு வாசிச்சுப் பாரு, ரெண்டே ரெண்டு கறுப்புக் கட்டை தேவைப்படும், மத்ததெல்லாம் வெள்ளை. நல்லா இருக்கும். ஆனா அதுக்கும் வெரல் நம்பர் எழுதிக்க. கட்டை வெரல் ஒண்ணு, சுண்டு வெரல் அஞ்சு. ஒனக்கு வசதிப்பட்ட ரெண்டு வெரலை வெச்சே பூரா ராகத்தையும் ஓட்டிரலாம்னு பாக்காத, அது டைப்பிங்.

பெரிய மாணவருங்க பண்ற திருட்டு வேலையெல்லாம் பெஞ்சுலருந்தே எனக்கு மனப்பாடம். மொதத் திருட்டு, ஒவ்வொரு சுரத்துக்குக் கீழயும் பென்சில்ல எழுத்து எழுதி வெக்கிறது. அப்பறம் கண்ணு எழுத்தைத்தான் படிக்கும், மேல இருக்கிற புள்ளியைப் பாக்காது. பத்து வருசம் ஆனாலும் புள்ளி படிக்க வராது. சந்தேகமான ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் எழுது, வாரக் கடைசியில அழிச்சிரு. அடுத்த திருட்டு இன்னும் பெருசு: நடுவுல ஒரு தப்பு வந்தா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கிறது. இப்படிப் பண்றவங்களுக்கு மொத நாலு கட்டம் கச்சேரி லெவல்ல வரும், அஞ்சாவது கட்டத்துல விபத்து, எப்பவும் அதே எடத்துல. பேத்தியோட டீச்சர் ஒரு நாள் ஒருத்தர்கிட்ட, இன்னைக்குக் கடைசி வரியிலருந்து ஆரம்பிங்கன்னு சொன்னாங்க. அந்த மனுசன் முகத்தைப் பாக்கணுமே! கடைசி வரின்னு ஒண்ணு இருக்கிறதே அவருக்கு அன்னைக்குத்தான் தெரியும். அப்பறம் யூடியூப்ல கலர் கலராக் கட்டை மழை மாதிரி விழுற வீடியோ. பாக்க நல்லாருக்கும், தீபாவளிக்கு மத்தாப்பு பாக்குற மாதிரி பாத்துட்டு மூடிரு. மொதப் புத்தகம் பாதி முடியலை, அதுக்குள்ள ரெண்டாவது புத்தகத்தை வாங்கி ஸ்டாண்டுல வெக்கிறது இன்னொரு வகை. வீட்டுக்கு விருந்தாளி வர்ற அன்னைக்கு மட்டும் அது தெறந்திருக்கும்.

வாய்விட்டு எண்ண மாட்டேங்கிறியாம், வெக்கமா இருக்காம். பெடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்துல உன் தாத்தா காலத்துல நடந்ததைக் கேளு. சண்டை முடிஞ்ச மறு வருசம், 1946-ல, ஏ.எம். சாமி தலைமையில தொண்டர் படை எழுந்துச்சு. கள்ளுக்கடைக்கு எதிரா நின்ன படை. அதுல இருந்தவங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க இல்ல, காலையில மரம் வெட்டிட்டு வந்த, பொண்டாட்டி பிள்ளை இருக்கிற ஆளுங்க. ராணுவம் மாதிரி சீருடை போட்டு, வரிசையில நின்னு கால் போடப் பழகுனாங்க. அடுத்த வருசம் போலீஸ் அவங்களை அடக்குனது சிரிச்சுக்கிட்டுப் பேசுற கதை இல்ல, அதைத் தனியா ஒரு நாள் சொல்றேன். லயத்து முன்னாடி ஊரே பாக்க இடது வலது போட்டுப் பழகுனவங்க பேரன் நீ. ஹாலுல கதவைச் சாத்திக்கிட்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு சொல்ல வெக்கமா?

இனி நீ இளையராஜா கதையை எடுப்ப, எனக்குத் தெரியும். எல்லாரும் எடுக்குறாங்க. அவரும் பெரியவரான பெறகுதானே மேல்நாட்டு இசையை எழுத்துல படிச்சாருன்னு. வாஸ்தவம்தான். 1943-ல பண்ணைப்புரத்துல பொறந்தவரு, இருவத்தஞ்சு வயசு வாக்குல மெட்ராஸ் போயி, தன்ராஜ் மாஸ்டர்கிட்ட ஒக்காந்து பியானோவும் நோட்டும் படிச்சாரு. 1976-ல அன்னக்கிளி. 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டன்ல சிம்பொனி, எண்பத்தொண்ணு வயசுல. ஆனா மருமவனே, அவரு மாஸ்டர் வீட்டுப் படி ஏறுறதுக்கு முன்னாடியே அண்ணன் பாவலர் வரதராஜன் கச்சேரியில ஊர் ஊரா ஆர்மோனியம் வாசிச்சுக் கை தேஞ்சவரு. நீ மார்கழி பஜனை போக மிச்ச நாளெல்லாம் கேரம் போர்டு ஓரத்துல தாளம் போட்டவன். ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறது, ரெண்டு பேரும் மொதப் பக்கத்துலருந்து ஆரம்பிச்சதுதான். அதை மட்டும் எடுத்துக்க, மிச்சத்தை எடுத்துக்காத.

அப்பறம் பியானோ பரீட்சை. ஏபிஆர்எஸ்எம்னு லண்டன்காரன் 1889-ல ஆரம்பிச்ச அமைப்பு நடத்துது, கிரேடு ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும். இந்தப் பரீட்சைக்கு ஆள் அனுப்புறதுல உலகத்துலயே முன்னணியில நிக்கிற நாட்டுல நம்மளுதும் ஒண்ணு. படிக்கிற பிள்ளை பியானோ வாசிக்கலேன்னா அம்மாவுக்குத் தூக்கம் வராத ஊராச்சே. நீ எழுதணும்னா எழுது, வேண்டாம்னா விடு, ரெண்டாலயும் உன் சம்பளம் கூடாது. எழுதுனா ஒண்ணு நெனவுல வெச்சுக்க: வெளி பெஞ்சுல ஒனக்கு முன்னாடி ஏழு வயசுப் பொண்ணு ஒக்காந்திருக்கும், பின்னாடி எட்டு வயசுப் பையன் ஒக்காந்திருப்பான். கூட வந்த அம்மாங்க ஒன்னைப் பாத்து, ‘பிள்ளையைக் கூட்டிட்டு வந்தீங்களா’ன்னு கேப்பாங்க. ஆமாம்னு சொல்லிராத, ஒன் பேரைக் கூப்பிடும்போது மாட்டிக்குவ.

இடது கையில சந்தேகம்னா எனக்கு போன் பண்ணாத, துருத்திக்காரனுக்கு என்ன தெரியும். பேத்திகிட்டக் கேளு. ஒனக்குப் பாடம் சொல்லித் தர அவ ஒத்துக்கிட்டா. கண்டிப்பான டீச்சர், சிரிக்க மாட்டா, நெகம் வளத்துக்கிட்டு வந்தா திருப்பி அனுப்பிருவா. பீஸ் ஒரு பாடத்துக்கு ஒரு செண்டோல்னு கேட்டா. நான்தான் குடும்பத்து ஆளுன்னு பேசி, ரெண்டு செண்டோலுக்கு முடிச்சு வெச்சிருக்கேன். ரெண்டாவது எனக்கு, சிவப்பு பீன்ஸ் கொஞ்சம் கூடுதலாப் போடச் சொல்லு.